அடித்தளச் சுவரில் நீர்க்கசிவு: விரிசலை அடைக்கும் முன் சுவரின் பின்புறத்தைப் பாருங்கள்

ஏற்காட்டில் சரிவை வெட்டிக் கட்டப்படும் வீடுகளில், சாலை மட்டத்திற்குக் கீழே அமையும் அறைகளின் பின்சுவர் மேல்தளங்களைத் தாங்குவதோடு மலையின் மண்ணையும் தடுத்து நிறுத்துகிறது. மழைக்காலத்தில் அந்தச் சுவரில் ஈரம் இறங்குவதைக் கண்டு என்னை அழைப்பவர்களில் பெரும்பாலோர், எந்தப் பூச்சு அடித்தால் கசிவு நிற்கும் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். சுவருக்குப் பின்னால் தண்ணீர் ஏன் தேங்குகிறது என்பதைக் கண்டறியாமல் எந்தப் பூச்சையும் நான் பரிந்துரைப்பதில்லை.

தண்ணீர் 1 மீட்டர் உயரத்திற்குத் தேங்கினால், அதன் அடிமட்டத்தில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1 டன் அழுத்தம் சுவரின் மீது விழுகிறது. 2 மீட்டர் தேங்கினால் அது 2 டன்னாகிறது. மண்ணின் அழுத்தம் இதற்கு மேல் தனி. அறையின் உட்பக்கம் பூசப்படும் சாதாரண சிமெண்ட் பூச்சை இந்த அழுத்தம் பின்னாலிருந்து தள்ளுவதால், அது உப்புப் பூத்து, பொருக்குப் பொருக்காக உதிர்ந்துவிடுகிறது. வெட்டிய மண்ணையே திமிசு போட்டு இறுக்காமல் சுவருக்குப் பின்னால் கொட்டி நிரப்புவதும், சுவரடியில் ஜல்லிக்குள் பதிக்க வேண்டிய துளையிட்ட வடிகுழாயைச் செலவு கருதித் தவிர்ப்பதும், மொட்டைமாடித் தண்ணீரை அதே இடத்தில் இறக்கிவிடுவதும் நான் திரும்பத் திரும்பக் காணும் காரணங்கள்.

ஏற்காட்டுக்கே உரிய ஒரு குழப்பமும் உண்டு. பனிமூட்டம் நிறைந்த நாட்களில் குளிர்ந்த சுவரின் மேல் காற்றிலுள்ள ஈரமே நீராகப் படியும். அதைக் கசிவென்று எண்ணிச் செலவு செய்தவர்கள் இருக்கிறார்கள். ஈரமான இடத்தைத் துடைத்து உலர்த்தி, இரண்டடிச் சதுர பாலிதீன் தாளை நான்கு ஓரங்களிலும் காற்றுப் புகாமல் ஒட்டி, இரண்டு நாள் விட்டுவிடுங்கள். தாளின் வெளிப்புறம் நனைந்திருந்தால் அது காற்றின் ஈரம். உட்புறம் நனைந்திருந்தால் சுவர் வழியே தண்ணீர் வருகிறது.

கசிவு உறுதியானால், விரிசலின் இருபுறமும் அரையடி அகலத்திற்குப் பூச்சைக் கொத்தி எடுத்து, காங்கிரீட்டையே பார்க்க வேண்டும். பூச்சில் ஈரம் தெரியும் இடமும் காங்கிரீட்டில் நீர் நுழையும் இடமும் பல நேரங்களில் வேறு வேறாக இருக்கும். மேலிருந்து கீழாக ஓடும் மெல்லிய விரிசல் பெரும்பாலும் காங்கிரீட் உலரும்போது சுருங்கியதால் வந்தது. சாம்பல் போன்றவை கலந்த கலப்புச் சிமெண்ட் பயன்படுத்தினால் குறைந்தது 10 நாள் நீராற்ற வேண்டும் என்று காங்கிரீட் வேலைக்கான இந்தியத் தரவிதியான ஐ.எஸ். 456 கூறியும், சேலத்து வெயிலில்கூட மூன்று நாளில் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிடுகிறார்கள். மண்ணையோ நிலத்தடி நீரையோ ஒட்டிய காங்கிரீட்டுக்கு அதே விதி ஏற்கும் விரிசல் அகலம் 0.2 மில்லிமீட்டர் மட்டுமே. சுவரின் நடு உயரத்தில் கிடைமட்டமாக விரிசல் ஓடினாலோ, ஒரு பக்கம் முன்னே துருத்தியிருந்தாலோ, துருக்கறை வடிந்தாலோ, அது கசிவுப் பழுது என்ற அளவைத் தாண்டியது. கட்டமைப்புப் பொறியாளர் பார்க்கும் வரை அதை மூடி மறைக்கக் கூடாது.

நீர் கசிந்துகொண்டிருக்கும் விரிசலுக்கு, பாலியூரித்தேன் என்ற திரவ மருந்தை அழுத்தத்தோடு உள்ளே செலுத்தும் ஊசிமுறை பொருந்தும். விரிசலின் இருபுறமும் மாறி மாறிச் சாய்வாகத் துளையிட்டு, சுவர்த் தடிமனின் நடுவில் விரிசலைத் தொடும்படி பேக்கர்கள் எனப்படும் செலுத்துமுனைகளைப் பொருத்தி, கீழிருந்து மேலாக மருந்தைச் செலுத்த வேண்டும். அடுத்த துளையில் மருந்து எட்டிப் பார்த்த பிறகே அங்கு நகர வேண்டும். அது தண்ணீரோடு சேர்ந்து நுரைத்து வழியை அடைக்குமே தவிர, சுவருக்கு இழந்த வலுவைத் தராது. வலுவை மீட்க, இறுகிக் கெட்டியாகும் எபாக்சி பிசின் வேண்டும். அதற்கு விரிசல் உலர்ந்ததாகவும் அசைவற்றதாகவும் இருக்க வேண்டும். அசைவு இருக்கிறதா என்பதை அறிய, விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதி, ஒரு மழைப்பருவம் கண்காணித்தாலே போதும்.

பின்புறத்தைத் தோண்டி வடிகுழாய் பதித்து வெளிப்புற நீர்த்தடுப்புப் பூச்சு அடிக்கும் வேலையை, சுவரும் மண்ணும் காய்ந்திருக்கும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் முடித்துக்கொள்வது நல்லது. சரிவில் ஒரே மூச்சில் முழு நீளத்தையும் தோண்டினால் மேல்மண் சரியக்கூடும் என்பதால், சிறு சிறு பகுதிகளாகத் தோண்டி, ஒரு பகுதியை நிரப்பிக் கெட்டிப்படுத்திய பிறகே அடுத்ததைத் திறக்குமாறு மேஸ்திரியிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.