கப்பல் ஏன் மெதுவாக ஆட வேண்டும்?

புத்தாண்டு விடுமுறை முடிந்து பள்ளிகள் திறந்ததும், ஃபுளோரிடாவிலிருந்து கிளம்பும் கரீபியன் சொகுசுக் கப்பல்களின் கட்டணம் இறங்கிவிடும். கப்பல் கரையை விட்டு நகர்ந்த பிறகு காலி அறைக்கு மதிப்பே இல்லை என்பதால், மிஞ்சும் அறைகளை நிறுவனங்கள் பல சமயம் குறைந்த விலைக்குக் கொடுத்துவிடும். அந்த விலையும் ஓர் அறைக்கு இருவர் என்ற கணக்கில்தான் போடப்பட்டிருக்கும். தனியாகப் போகிறவர் பல கப்பல்களில் இரண்டாவது ஆளின் கட்டணத்தையும் சேர்த்தே கட்ட வேண்டிவரும். அதனால் துணைக்கு ஒருவர் இருந்தால்தான் தள்ளுபடியின் பலன் கைக்கு வரும். தோழியும் நானும் ஒரு ஜனவரியில் நியூஜெர்சிக் குளிரிலிருந்து ஃபுளோரிடாவின் துறைமுக நகரான ஃபோர்ட் லாடர்டேலுக்கு விமானம் ஏறியது அப்படித்தான்.

இந்தத் தள்ளுபடியில் இன்னொரு நிபந்தனை உண்டு. அறையை நாம் தேர்ந்தெடுக்க முடியாது, மிஞ்சியதில் ஒன்றை அவர்களே ஒதுக்குவார்கள். எங்களுக்கு வந்தது கப்பலின் முன்முனைக்குப் பக்கத்தில், மேல்தளத்தில். துறைமுகத்தில் நின்று அண்ணாந்து பார்த்த தோழி, “தண்ணிக்கு மேலேயே இத்தனை மாடி இருக்கே, கீழே எவ்வளவு இருக்கும்? கவிழ்ந்துடாதா?” என்று கேட்டாள்.

கேட்க வேண்டிய கேள்விதான். 2009இல் ஃபின்லாந்தின் துர்க்கு நகரில் கட்டப்பட்ட ‘ஒயாசிஸ் ஆஃப் த சீஸ்’ கப்பலை எடுத்துக்கொள்வோம். அதன் நீளம் சுமார் 360 மீட்டர். நீர்மட்டத்துக்கு மேலே 72 மீட்டர் உயரம், கீழே அமிழ்ந்திருப்பது ஒன்பது மீட்டருக்குச் சற்றே அதிகம். கண்ணுக்குத் தெரியும் விகிதத்தை மட்டும் பார்த்தால் அது நிற்கவே கூடாது.

முதலில் எடைக் கணக்கைச் சரிசெய்துகொள்ள வேண்டும். அந்தக் கப்பலை 2 லட்சத்து 25 ஆயிரம் டன்னுக்கு மேற்பட்டது என்று எழுதுவார்கள். அது எடையே அல்ல, கப்பலின் உட்புறக் கொள்ளளவைக் குறிக்கும் ஓர் அளவு. உண்மையான எடை சுமார் ஒரு லட்சம் டன். அதில் மிகக் கனமானவை அடியில் இருக்கின்றன: எஞ்சின்கள், எரிபொருள் தொட்டிகள், நன்னீர்த் தொட்டிகள், கப்பலை நிலைப்படுத்தக் கடல்நீர் நிரப்பும் நிலைநீர்த் தொட்டிகள். மேல்தளங்களில் இருப்பது பெரும்பாலும் காலி இடமும் மெல்லிய தகடும்தான்.

ஆனால் ‘அடியில் கனம் இருப்பதால் கவிழவில்லை’ என்று சொல்லி முடித்துவிட்டால் பாதி உண்மையைத்தான் சொன்னதாகும். இத்தகைய கப்பலின் ஈர்ப்பு மையம் நீர்மட்டத்துக்கு மேலேயே கூட இருக்கலாம். அதை நிமிர்த்துவது அதன் அகலம்.

கப்பல் ஒரு பக்கம் சாயும்போது அந்தப் பக்கத்து உடல் கூடுதலாக நீரில் அமிழ்கிறது, மறுபக்கம் மேலே வருகிறது. நீருக்குள் இருக்கும் பகுதியின் வடிவம் மாறுவதால், அதைத் தாங்கி மேலே தள்ளும் விசையின் மையமும் சாய்ந்த பக்கமாக நகர்கிறது. அந்தப் புது இடத்திலிருந்து நேர் மேலே ஒரு கோடு இழுத்தால், கப்பலின் நடுக்கோட்டை அது ஒரு புள்ளியில் வெட்டும். அந்தப் புள்ளிக்கு மெட்டாசென்டர் என்று பெயர். ஈர்ப்பு மையம் அதற்குக் கீழே இருக்கும்வரை, சாய்ந்த கப்பல் தானாக நிமிரும். மேலே போய்விட்டால் கவிழும். தஞ்சாவூர் தலையாட்டி பொம்மையிலும் இதே கணக்குதான். அதன் உருண்ட அடிப்பாகத்தின் வளைவு மையத்துக்குக் கீழே களிமண் கனம் இருப்பதால், எப்படித் தள்ளினாலும் எழுந்து நிற்கிறது.

மெட்டாசென்டரைக் கண்டுபிடித்த பியர் பூகே என்ற பிரெஞ்சுக்காரரை நினைத்தால் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. பூமியின் வடிவத்தை அளக்க 1735இல் தென் அமெரிக்காவுக்குப் புறப்பட்ட குழுவில் அவரும் ஒருவர். கடலை விட்டு வெகு உயரத்தில் ஆண்டீஸ் மலைகளில் அலைந்த ஆண்டுகளில்தான் கப்பலின் நிலைப்பைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார். நூல் 1746இல் வெளிவந்தது. அதற்கு முன்பு கப்பல் கட்டுவோர் அனுபவத்தை மட்டுமே நம்பினார்கள். 1628 ஆகஸ்ட் 10இல் ஸ்வீடன் அரசரின் ‘வாசா’ போர்க்கப்பல் முதல் பயணத்திலேயே, ஸ்டாக்ஹோம் துறைமுகத்தைத் தாண்டுவதற்குள் சாய்ந்து மூழ்கியது. பீரங்கித் தளங்கள் இரண்டு, மேற்பாரம் அதிகம், அகலமும் அடிப்பாரமும் போதவில்லை. கட்டியவர்களிடம் திறமை இருந்தது, கணக்கிடும் வழிதான் இல்லை.

மெட்டாசென்டர் எவ்வளவு உயரத்தில் அமையும் என்பதில் கப்பலின் அகலம் மும்மடியாக வேலை செய்கிறது. கப்பலின் எடையும் நீளமும் மாறாமல் நீர்மட்டத்தில் அகலம் மட்டும் இரட்டித்தால் அந்தப் பங்கு எட்டு மடங்காகும். ஒயாசிஸ் நீர்மட்டத்தில் 47 மீட்டர் அகலம். தோராயமாகக் கணக்கிட்டால் அதன் மெட்டாசென்டர், மிதப்பு விசையின் மையத்துக்கு 20 மீட்டருக்கும் மேலே போய் நிற்கிறது. அத்தனை மாடிகளை அடுக்க இடம் கிடைப்பது இதனால்தான்.

அப்படியானால் ஈர்ப்பு மையத்தை இன்னும் கீழே இறக்கி, கப்பலை இன்னும் உறுதியாக்கிவிடலாமே? செய்யக் கூடாது. கப்பல் வடிவமைப்பில் என்னை மிகவும் ஈர்ப்பது இந்த இடம்தான்.

ஈர்ப்பு மையத்துக்கும் மெட்டாசென்டருக்கும் உள்ள இடைவெளி கூடினால் கப்பல் சீக்கிரம் நிமிரும். சீக்கிரம் நிமிர்வது என்றால் வெடுக்கென்று நிமிர்வது. 47 மீட்டர் அகலக் கப்பலில் அந்த இடைவெளி 3 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், இடமிருந்து வலம் போய்த் திரும்ப ஏறக்குறைய 22 வினாடி ஆகும். 12 மீட்டராக்கினால் 11 வினாடிதான். ஆடும் நேரம் பாதியானால், அதே சாய்வில் உடல் உணரும் முடுக்கம் நான்கு மடங்காகும். ஆட்டத்தின் அச்சிலிருந்து 40 மீட்டர் உயரத்தில் நிற்பவரை, ஐந்து பாகை சாய்வில், புவியீர்ப்பின் பத்தில் ஒரு பங்குக்கும் மேலான விசை பக்கவாட்டில் தள்ளும். தட்டு வழுக்கும், வயதானவர் விழுவார். இதற்கு மேல் ஓர் ஆபத்தும் உண்டு: புயல் அலைகளின் கால இடைவெளி பெரும்பாலும் 8 முதல் 14 வினாடி. கப்பலின் இயல்பான ஆட்டமும் 11 வினாடியாக இருந்தால் ஒவ்வோர் அலையும் ஆட்டத்தைக் கூட்டிக்கொண்டே போகும். 22 வினாடிக் கப்பல் அந்தத் தாளத்துக்கு அகப்படாமல் தப்பிக்கிறது. ஆகவே பாதுகாப்புக்குத் தேவையான நிலைப்பை உறுதிசெய்துகொண்டு, அதற்கு மேல் அளவோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பயணிக் கப்பல் மெதுவாகச் சாய்ந்து மெதுவாக நிமிர்கிறது என்றால், அதை அப்படித்தான் செய்திருக்கிறார்கள்.

மிச்சமுள்ள பக்கவாட்டு ஆட்டத்தை அடக்குவது நீருக்குள் இருபுறமும் நீட்டிக்கொண்டிருக்கும் துடுப்புகள். கப்பல் சாயத் தொடங்குவதை உணர்கருவி கண்டதும், ஒரு பக்கத் துடுப்பு மேல்நோக்கித் தள்ளும்படியும் மறுபக்கத் துடுப்பு கீழ்நோக்கித் தள்ளும்படியும் திரும்புகின்றன. 1936இல் ஆங்கிலக் கால்வாயில் ஓடிய ‘ஐல் ஆஃப் சார்க்’ என்ற பயணிக் கப்பலில் டென்னி-பிரவுன் என்ற வகைத் துடுப்புகள் பொருத்தப்பட்டன. அதற்கு முன் 1930களின் தொடக்கத்தில் இத்தாலியின் ‘கோன்தே தி சவோயா’ கப்பலில், ஒவ்வொன்றும் நூறு டன்னுக்கு மேல் எடையுள்ள மூன்று சுழல்சக்கரங்களை வைத்து ஆட்டத்தை அடக்கப் பார்த்தார்கள். அவ்வளவு கனமும் செலவும் இல்லாத துடுப்பே பின்னர் நிலைத்தது. நல்ல வேகத்தில் போகும்போது அது ஆட்டத்தில் பெரும்பகுதியைக் குறைத்துவிடும். ஆனால் அதன் விசை வேகத்தின் இருமடியைப் பொறுத்தது: வேகம் பாதியானால் விசை கால்வாசிதான்.

துடுப்பால் ஒன்றும் செய்ய முடியாத இன்னோர் அசைவு இருக்கிறது. முன்முனை எழுந்து பின்முனை தாழ்வதும், பிறகு முன்முனை தாழ்வதுமான தலையாட்டம். பெரும்பாலானவர்களைப் படுக்கவைப்பது இதுதான். இதில் கப்பலின் நீளமும் அலையின் நீளமும் பேசுகின்றன. ஆழ்கடலில் 8 வினாடி அலையின் நீளம் சுமார் 100 மீட்டர். 360 மீட்டர்க் கப்பல் ஒரே நேரத்தில் மூன்று அலை முகடுகளின் மேல் படுத்திருக்கும், தலை அவ்வளவாக அசையாது. 200 மீட்டர்க் கப்பலுக்கு அந்த வசதி குறைவு. தள்ளுபடியில் அடிக்கடி கிடைப்பது சிறிய, பழைய கப்பல்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். குளிர்காலத்தில் வட அட்லாண்டிக் புயல்களிலிருந்து வரும் நீண்ட அலைகள் பஹாமாஸ், போர்ட்டோ ரிக்கோ வரை வருவதுண்டு. 15 வினாடி அலையின் நீளம் 350 மீட்டர். அது பெரிய கப்பலையும் அசைக்கும்.

ஃபுளோரிடாக் கரையை விட்டதுமே வளைகுடா நீரோட்டத்தைக் கடக்க வேண்டும். வடக்கு நோக்கி ஓடும் அந்த நீரோட்டம் அங்கே வினாடிக்கு ஒன்றரை மீட்டருக்கு மேல் வேகம் கொண்டது. குளிர்கால வாடைக் காற்று தெற்கு நோக்கி வீசி அதை எதிர்க்கும்போது அலைகள் நெருங்கி, செங்குத்தாக எழும். ஜனவரியில் சூறாவளிப் பருவம் முடிந்திருக்கும் என்பது உண்மைதான். ஆனாலும் முதல் இரவே கடல் முரடாக இருக்கலாம்.

எங்கள் கப்பல் கிழக்குக் கரீபியன் தீவுகளுக்குப் போவது. அங்கே வணிகக் காற்று கிழக்கிலிருந்து வீசுவதால், போகும்போது அலை எதிரே வரும். 9 வினாடி இடைவெளியில் வரும் அலையை 20 நாட் (மணிக்குச் சுமார் 37 கிலோமீட்டர்) வேகத்தில் எதிர்கொண்டால், கப்பலுக்கு அது சுமார் 5 வினாடிக்கு ஒன்றாக வந்து சேரும். மேல்கீழ் அசைவில் மனிதருக்கு அதிகமாகக் குமட்டுவது ஐந்தாறு வினாடிக்கு ஒரு முறை என்ற தாளத்தில் என்று 1970களிலேயே சோதனைகளில் தெரிந்துவிட்டது. திரும்பும்போது அதே அலை பின்னாலிருந்து துரத்துவதால் அரை நிமிடத்துக்கு ஒன்றாகத்தான் எட்டும். அப்போது கடல் அமைதியாகிவிட்டது போலத் தோன்றும்.

இரண்டாம் நாள் மாலை தோழி படுத்துவிட்டாள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அதே அறை, அதே உணவு. இதில் ஆளுக்கு ஆள் வேறுபாடு பெரிது. ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்குக் குமட்டல் எளிதில் வரும், அவளுக்கு அது உண்டு. உட்செவியில் திருப்பங்களை உணரும் அரைவட்டக் குழல்களும், சுண்ணாம்புப் படிகங்கள் கொண்டு ஏற்ற இறக்கத்தை உணரும் பைகளும் இருக்கின்றன. அவை ‘எழுகிறோம், தாழ்கிறோம்’ என்கின்றன. அறைச்சுவரைப் பார்க்கும் கண் ‘அசைவே இல்லை’ என்கிறது. இந்த முரண்பாடுதான் குமட்டலின் வேர் என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். உட்செவியின் இந்த உறுப்புகள் செயல்படாதவர்களுக்குக் கடல் நோய் வருவதில்லை.

அவளை நடுக்கப்பலுக்கு, கீழ்த்தளத்துக்கு அழைத்துப் போனேன். தலையாட்டத்தின் அச்சு நடுவில் இருப்பதால் முன்முனையில் பல மீட்டர் எழுந்து தாழும் கப்பல் அங்கே சிறிதே அசையும். அடிவானம் தெரியும் ஜன்னல் அருகே உட்கார்ந்தபோது கண்ணும் செவியும் ஒரே செய்தியைச் சொன்னதால், மெல்ல மெல்ல முகத்தில் நிறம் வந்தது. இதில் ஒரு நல்ல செய்தி உண்டு: ஜன்னலே இல்லாத மலிவான உள்ளறைகளில் பல இப்படி நடுவில், தாழ்வாக இருக்கின்றன. படுத்துத் தூங்குவதற்கு அதைவிட நல்ல இடம் கப்பலில் இல்லை. அடிவானம் வேண்டுமென்றால் படியேறித் தளத்துக்குப் போனால் போதும். உயரமான முன்பக்கத்துப் பால்கனி அறைக்குக் கூடுதல் பணம் கொடுப்பவர், கூடுதல் ஆட்டத்தையும் சேர்த்தே வாங்குகிறார்.

காதுக்குப் பின்னால் ஒட்டும் மருந்துப் பட்டையில் இருப்பது ஸ்கோபோலமைன். நம் ஊர் ஊமத்தையிலும் இருக்கும் வேதிப்பொருள் அது. செடியில் அது நஞ்சு. பட்டையில் மிக நுண்ணிய அளவாக மூன்று நாளுக்குப் பிரித்து விடப்படுகிறது. கண்நீர் அழுத்த நோய் (குளுக்கோமா) உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. குமட்டல் தொடங்கிய பின் ஒட்டி அதிகப் பயனில்லை, கப்பல் கிளம்புவதற்குச் சில மணி நேரம் முன்பே ஒட்டிக்கொள்ள வேண்டும்.

மருந்தே இல்லாவிட்டாலும் இரண்டு மூன்று நாளில் மூளை கப்பலின் தாளத்தைக் கற்றுக்கொண்டு, அடுத்த அசைவை முன்கூட்டியே கணித்துக் கழித்துவிடும். தோழி நான்காம் நாள் தளத்தில் நடந்துகொண்டிருந்தாள். கற்றதை மறப்பதற்கும் மூளைக்கு நேரம் வேண்டும். அதனால்தான் இறங்கிய பிறகு விமான நிலைய வரிசையில் நிற்கையில் தரை ஆடுவது போல இருக்கும். பெரும்பாலோருக்கு ஓரிரு நாளில் அது நின்றுவிடும். வாரக்கணக்கில் நீடித்தால் காது, மூக்கு, தொண்டை மருத்துவரையோ நரம்பியல் மருத்துவரையோ பார்க்க வேண்டும்.