பிடிபட்ட போனும் பிந்திய விளக்கமும்

தீர்ப்பு வந்தபிறகு வாட்ஸ்அப் மெசேஜ்களைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு, அப்பீல் வழக்கு பார்க்கும் என்னிடம் வருகிறவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். கடைசியாக வந்த குடும்பம் தென்னாப்பிரிக்காவில், இங்கே டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸ்காரர்கள். துப்பாக்கி காட்டிப் பறித்த போன் மறுநாளே பையனின் பாக்கெட்டில் இருந்தது. விசாரணையில் அவன் வாயே திறக்கவில்லை. 15 ஆண்டு சிறை. "தம்பி, அவன் காசு கொடுத்துத்தான் வாங்கினான், இதோ ஆதாரம். அப்பீல்ல காட்டினா விட்டுடுவாங்கதானே?" என்கிறார் அம்மா.

விடமாட்டார்கள் அக்கா. அப்பீல் என்பது இன்னொரு விசாரணை அல்ல. எத்தனை தடவை சொன்னாலும் டர்பனில் இது யார் காதிலும் ஏறுவதில்லை! உயர் நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகள் கீழ்க்கோர்ட் பதிவேட்டை வாசித்து, அங்கே தவறு நடந்ததா என்று மட்டும் பார்ப்பார்கள். சாட்சியை நேரில் பார்த்தவர் மாஜிஸ்திரேட். யாரை நம்பலாம் என்று அவர் சொன்னதில் மேல்கோர்ட் எளிதில் கைவைக்காது. புது ஆதாரம் வேண்டுமானால், அதை ஏன் அப்போதே கொடுக்கவில்லை என்பதற்கு நியாயமான காரணம் வேண்டும். "வக்கீல் கேட்கலை" என்பது பெரும்பாலும் காரணமாகாது.

மௌனம் உங்கள் உரிமை. அரசியலமைப்பின் 35ஆம் பிரிவு அதைத் தருகிறது. ஆனால் பறிபோன பொருள் மறுநாளே உங்கள் கையில் இருக்க, நீங்கள் ஒரு வார்த்தை சொல்லாவிட்டால், கோர்ட் தன் முடிவுக்கு வரும். நிரூபிக்கும் பாரம் அரசுத் தரப்புக்குத்தான். உங்கள் விளக்கம் உண்மையாக இருக்க நியாயமான வாய்ப்பு இருந்தாலே போதும், விடுதலை. அந்த விளக்கம் விசாரணையிலேயே வரவேண்டும், அவ்வளவுதான்.

நாங்கள் அப்பீலில் ஜெயிக்கும் இடம் வேறு. போன் கைமாற ஒரு மணி நேரம் போதும். சில வாரம் கழித்துப் பிடிபட்டவனைக் கொள்ளைக்காரன் என்று முடிவுகட்ட முடியாது. அப்போதும் முழு விடுதலை என்று நினைக்காதீர்கள். கொள்ளை குற்றச்சாட்டு விழுந்தாலும், 1955ஆம் ஆண்டுப் பொதுச் சட்டத் திருத்தச் சட்டத்தின் (General Law Amendment Act) 36, 37 பிரிவுகளில் திருட்டுப் பொருள் வைத்திருந்ததற்கு, வாங்கியதற்குத் தண்டிக்கலாம். 37இல் நிரூபிக்கும் சுமையை வாங்கியவர் தலையில் வைத்த பகுதியை அரசியலமைப்பு நீதிமன்றம் 2000இல் நீக்கியது. அதற்காக வாய்மூடி இருந்தால் தப்பலாம் என்றில்லை, அது திருட்டுப் பொருள் அல்ல என்று நம்பக் காரணம் காட்டும் சாட்சியம் எதையாவது நீங்கள் முன்வைத்தே ஆகவேண்டும்.

சாட்ஸ்வர்த் சந்தையில் பாதி விலைக்கு போன் கிடைத்தால் வாங்காதீர்கள். வாங்கியே ஆகவேண்டுமா? விற்பவரின் அடையாள அட்டையைப் படம் எடுங்கள், *#06# அழுத்தி போனின் அடையாள எண்ணை (IMEI) குறித்துவையுங்கள், காசை வங்கி வழியாக அனுப்புங்கள். போலீஸ் பிடித்தால் ஸ்டேஷனில் கதை அளக்க வேண்டாம், முதலில் வக்கீல். வக்கீலிடம் முதல் நாளே எல்லாவற்றையும் சொல்லுங்கள், மெசேஜ் உட்பட. காசில்லை என்றால் லீகல் எய்ட் இருக்கிறது.

தண்டனை ஆகிவிட்டதா? அப்பீல் அனுமதி கேட்க 14 நாள்தான். முதலில் அதைப் பிடியுங்கள், மற்றதைப் பிறகு பேசலாம்.