குழம்பு ஆறுகிற நேரம்

“ஃப்ரீசர்லதானே மேடம் வெச்சிருந்தேன், அது எப்படிக் கெடும்?”

மதுரையில் ஒரு மருத்துவமனையில் உணவு ஆலோசகராக இருக்கிறேன். என்னைப் பார்க்க வருகிறவர்களில் பெரும்பாலோர் சர்க்கரைக்காக வருவார்கள். இந்தப் பெண் வந்தது வேறு விஷயத்துக்கு. வீட்டில் நான்கு பேருக்கும் ஒரே ராத்திரியில் வயிற்றைப் பிடித்து இழுக்கிற வலி, பேதி. காய்ச்சல் இல்லை, வாந்தியும் இல்லை. மறுநாள் சாயங்காலத்துக்குள் எல்லோருக்கும் சரியாகிவிட்டது. என்ன சாப்பிட்டார்கள் என்று விசாரிக்கச் சொல்லி டாக்டர் என்னிடம் அனுப்பியிருந்தார்.

அவருக்கு ஜவுளிக்கடையில் வேலை. வீடு திரும்ப இரவு எட்டரை ஆகும். அதனால் ஞாயிற்றுக்கிழமை 2 கிலோ ஆட்டுக்கறி வாங்கி, பெரிய குண்டானில் தேங்காய் அரைத்து விட்டு ஒரேயடியாகக் குழம்பு வைத்துவிடுவார். இரவு அடுப்பை அணைத்து, மூடி போட்டு, அப்படியே விட்டுவிட்டுப் படுத்துவிட்டார். காலை ஆறு மணிக்கு டப்பாக்களில் பிரித்து ஃப்ரீசரில் வைத்தார். புதன்கிழமை வேலைக்குக் கிளம்பும்போது ஒரு டப்பாவை எடுத்துச் சமையல் மேடையில் வைத்துவிட்டுப் போனார். இரவு வந்து, பிள்ளைகள் பசியோடு இருக்கிறார்களே என்று லேசாகச் சூடு காட்டிப் பரிமாறினார்.

பரிசோதனைக்கு அனுப்பக் குழம்பு மிச்சமில்லை. ஆனாலும் அவர் சொன்னதும் அந்த அறிகுறிகளும் ஒரு கிருமியோடு நன்றாகப் பொருந்தின. கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் என்பது அதன் பெயர். பெரிய பாத்திரத்தில் சமைத்த கறி எங்கே மெதுவாக ஆறுகிறதோ அங்கே வருவது இது. கொதிக்கும்போது கிருமி செத்தாலும் அதன் விதை போன்ற வித்து சாகாது. சூடு இறங்க இறங்க அந்த வித்து முளைக்கும். 43 முதல் 47 டிகிரி வரையிலான இளஞ்சூட்டில் சுமார் 10 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு மடங்காகும். சாப்பிட்ட 6 முதல் 24 மணி நேரத்துக்குள் வயிறு காட்டிக்கொடுத்துவிடும்.

அன்று இரவு நானே வீட்டில் சோதித்துப் பார்த்தேன். கனமான அலுமினியக் குண்டானில் 5 லிட்டர் குழம்பு. ஒன்பது மணிக்கு அடுப்பை அணைத்து மூடி வைத்தேன். பதினொரு மணிக்குத் தெர்மாமீட்டரை விட்டால் 68 டிகிரி. காலை ஐந்தரைக்கு எழுந்து பார்த்தபோதும் 40 டிகிரி. தொட்டால் வெதுவெதுப்பாக, குழந்தையைக் குளிப்பாட்டுகிற தண்ணீர் மாதிரி இருந்தது. கிருமிக்குப் பிடித்த சூட்டிலேயே அந்தக் குழம்பு பல மணி நேரம் நின்றிருக்கிறது. வாசனையோ நிறமோ கொஞ்சமும் மாறவில்லை.

மறுவாரம் அதே அளவு குழம்பை இரண்டு விரற்கடை உயரத்துக்கு அகலமான தட்டுப் பாத்திரங்களில் பிரித்து ஊற்றி, ஐஸ் கட்டி போட்ட தண்ணீர்த் தாம்பாளத்தில் வைத்துக் கிளறிக்கொண்டே இருந்தேன். முக்கால் மணி நேரத்தில் ஆறிவிட்டது. அப்புறம் டப்பாவில் போட்டு நேராக ஃப்ரீசருக்கு.

“சூடா வெச்சா ஃப்ரிட்ஜ் கெட்டுப் போயிடும்” என்று நம் வீடுகளில் சொல்லிச் சொல்லியே குழம்பை ராத்திரி முழுக்க வெளியில் வைக்கிறோம். கொதிக்கிற குண்டானை அப்படியே உள்ளே தூக்கி வைக்கக் கூடாது என்பது சரிதான். பக்கத்தில் இருக்கிற பாலும் சூடாகிவிடும். ஆனால் சின்னச் சின்னதாகப் பிரித்து, ஆவி அடங்கி, வெதுவெதுப்பாக இருக்கும்போது வைத்தால் ஒன்றும் ஆகாது. சமைத்த 2 மணி நேரத்துக்குள் அது உள்ளே போயாக வேண்டும்.

ஃப்ரீசர் கிருமி பெருகுவதை நிறுத்தி வைக்கும், அவ்வளவுதான். போகும்போது என்ன இருந்ததோ அதில் ஒரு பங்கு உயிரோடு காத்திருக்கும். அந்தப் பெண்ணின் டப்பாவுக்குத் திரும்பவும் பதின்மூன்று மணி நேரம் மதுரை வெயில் கிடைத்தது. முதல் நாள் இரவே எடுத்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்திருந்தால் உள்ளேயே இளகியிருக்கும். மறந்துவிட்டால் கட்டியோடு சட்டியில் போட்டுக் கொஞ்சம் தண்ணீர் விட்டு அடுப்பில் ஏற்றலாம். எப்படியானாலும் நடுவில் இருக்கிற கறித்துண்டு வரை தளதளவென்று கொதிக்க வேண்டும். ஓரத்தில் குமிழி வந்ததும் இறக்கினால் போதாது.

“எங்க அம்மா மீன் குழம்பை மூணு நாள் வெச்சுச் சாப்பிடுவாங்களே” என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. மீன் குழம்பில் புளி நன்றாகக் கரைத்து விடுகிறோம், தினமும் கொதிக்க வைக்கிறோம்; அந்தப் புளிப்பு கிருமியை ஓரளவு தடுக்கும். உப்புக்கண்டத்தில் உப்பும் வெயிலும் கறியின் ஈரத்தையே எடுத்துவிடுகின்றன. தேங்காய் அரைத்த கறிக்குழம்பில் இந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது.

இதனால் மொத்தமாகச் சமைப்பதையே விட்டுவிடுங்கள் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. வேலைக்குப் போய்விட்டு வந்து நிற்கிற தாய்க்கு இது பெரிய உதவி. இரவு ஓட்டல் புரோட்டாவுக்குப் பதில் பிள்ளைகள் வீட்டுக் கறி சாப்பிடுகிறார்கள். ஐஸில் வைத்த கறியில் சத்து இருக்காது என்பதும் உண்மையில்லை. புரதமும் இரும்புச்சத்தும் அப்படியே இருக்கும்.

அவருக்கு நான் சொன்ன முறை இது. குழம்பாக வைக்காதீர்கள். வெங்காயம், தக்காளி, இஞ்சி பூண்டு, மஞ்சள், உப்பு போட்டுக் கறியைக் குக்கரில் வேக வைத்து, அந்தச் சாற்றோடு ஒரு வேளைக்கு ஒரு டப்பா என்று பிரித்து வையுங்கள். செவ்வாய்க்கிழமை தேங்காய் அரைத்து விட்டால் குழம்பு. வியாழக்கிழமை மிளகு தூக்கலாகப் போட்டு வற்ற வைத்தால் சுக்கா. தேங்காயும் உருளைக்கிழங்கும் அன்றன்றைக்குச் சேர்ப்பதுதான் நல்லது. ஃப்ரீசருக்குப் போய் வந்தால் தேங்காய்ப்பால் திரிந்த மாதிரி பிரியும், கிழங்கு சொரசொரக்கும். டப்பா மேல் தேதி எழுதி ஒட்டுங்கள், 2 மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

பச்சைக் கறியை ஒரு கிலோ உருண்டையாக வைக்க வேண்டாம். கால் கிலோ, அரைக் கிலோவாகக் கவரில் போட்டுத் தட்டையாக அழுத்தி வைத்தால் சீக்கிரம் உறையும், சீக்கிரம் இளகும். இளக வைக்கும்போது ஆழமான பாத்திரத்தில் வையுங்கள், சிவப்பு நீர் கீரை மேல் சொட்டக் கூடாது.

கடைசியாகக் கரண்ட் பற்றிக் கேட்டார். அவர் ஏரியாவில் மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பதுக்குப் போனால் சாயங்காலம்தான் வரும். அவரிடம் இருப்பது சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜ், அதன் ஃப்ரீசர் சின்னது, நாள் முழுக்கத் தாங்கும் என்று நம்ப முடியாது. ஒரு சின்னக் கிண்ணத்தில் தண்ணீரை உறைய வைத்து, அதன் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து ஃப்ரீசரிலேயே விட்டுவிடச் சொன்னேன். வேலையிலிருந்து வந்து பார்க்கும்போது நாணயம் மேலேயே இருந்தால் கறியும் உறைந்தே இருந்திருக்கும். கிண்ணத்தின் அடியில் உறைந்து கிடந்தால் நடுவில் எல்லாம் இளகித் திரும்ப உறைந்திருக்கிறது. எவ்வளவு நேரம் இளகிக் கிடந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. கறியின் விலையை நினைத்துப் பார்க்காமல் அந்த டப்பாக்களைக் கொட்டிவிடச் சொன்னேன்.