ஸ்டீயரிங், சுக்கான், திருகி: பழைய கன்சோல் பந்தயத்துக்கு ஒரு சொல் விளக்கம்

சோனியின் பழைய பிளேஸ்டேஷன், செகாவின் சாட்டர்ன் போன்ற கன்சோல்களில், அதாவது டிவியோடு இணைத்து கேம் ஆடும் பெட்டிகளில், கார் பந்தயம் ஆடுகிறவர்கள் அந்த வட்டமான கன்ட்ரோலரை வீல் என்பார்கள், இல்லையென்றால் ஸ்டீயரிங் என்பார்கள். ஆங்கிலத்தில் ஸ்டீயரிங் என்பது பொருளின் பெயரே கிடையாது, வண்டியைத் திருப்புகிற வேலையின் பெயர். அந்த வேலையைச் செய்கிற சக்கரம்தான் ஸ்டீயரிங் வீல். தமிழுக்கு வரும்போது சக்கரம் கழன்று விழுந்து, வேலையின் பெயரே பொருளுக்கு நின்றுவிட்டது. இதில் தப்பு ஒன்றும் இல்லை, கடன் வாங்கிய சொல் வாங்கினவர் வசதிக்குத்தான் வளையும்.

சொல்லின் வேர் சாலையில் இல்லை, தண்ணீரில் இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் கப்பலைத் திருப்பும் பலகைக்கு இருந்த பெயரோடு உறவுள்ள சொல் இது. அந்தப் பலகை கப்பலின் வலப்பக்கம் தொங்கியதால்தான் வலப்பக்கத்துக்கு ஸ்டார்போர்டு என்று பெயர். ஆரம்பகால மோட்டார் வண்டிகளிலும் படகில் இருப்பது போன்ற ஒரு நீளமான கைப்பிடிதான் இருந்தது. வட்டச் சக்கரம் வைத்த வண்டிகளில் பதிவாகியிருக்கிற மிகப் பழையவற்றில் ஒன்று, 1894-இல் பாரிஸிலிருந்து ரூவான் வரை நடந்த போட்டியில் ஆல்பிரெட் வாஷெரோன் ஓட்டிய பனார் கார். ஆக, அந்தச் சக்கரத்துக்கும் பந்தயத்துக்கும் உறவு கேம் வருவதற்கு ரொம்ப முந்தியது.

சரி, தமிழில் என்ன சொல்வது? அகராதித்தனமான விடை திசைமாற்றி. காருக்கு அது போதும். கேமுக்குப் போதாது என்பது என் கட்சி. ஏனென்றால் கேமில் டி-பேடும் (கூட்டல் குறி மாதிரி இருக்கும் திசைப் பொத்தான்) திசைமாற்றிதான், கட்டைவிரலால் சாய்க்கிற அனலாக் குச்சியும் திசைமாற்றிதான். டி-பேடுக்குத் தெரிந்தது இரண்டே விஷயம்: அழுத்தியாகிவிட்டது, அழுத்தவில்லை. வீலின் முக்கியமான குணம் அளவு, அதாவது எந்தப் பக்கம் என்பதோடு எவ்வளவு என்பதும் சேர்ந்தது. "லேசா ஒடி", "ஃபுல்லா ஒடி" என்று வண்டி ஓட்டுகிறவர்கள் சொல்கிற ஒடித்தலில் அந்த அளவு இருக்கிறது, திசைமாற்றியில் இல்லை.

அதனால் என் ஓட்டு சுக்கானுக்கு. கப்பலின் திருப்புபலகைக்குத் தமிழில் வழங்குகிற பெயர் அது. அதைப் பிடிக்கிறவர் சுக்கானி. இலங்கைத் தமிழில் வாகனத்தின் ஸ்டீயரிங்கையும் சுக்கான் என்றே எழுதுவதுண்டு. ஆங்கிலச் சொல் கடலிலிருந்து கரையேறிய அதே பாதையில் இதுவும் ஏறியிருக்கிறது. சுக்கானே அரபியிலிருந்து வந்ததுதானே என்று தனித்தமிழ் அன்பர்கள் கேட்பார்கள். ஆமாம், வந்ததுதான். எப்போதோ வந்து குடியேறிவிட்டது, விட்டுவிடலாம்.

இந்த அளவு விஷயம் வெறும் சொல்லாராய்ச்சி இல்லை, ஆடும்போது நேராகவே உறைக்கும். அட்டாரியின் கிரான் டிராக் 10, 1974-இலேயே ஆர்கேடில், அதாவது காசு போட்டு ஆடும் பொது இடத்து மெஷின்களில், ஸ்டீயரிங், கியர், பெடல் எல்லாம் வைத்து வந்துவிட்டது. வீட்டுக்கு வந்தவை வேறு ரகம். 1977-இல் அட்டாரி 2600-க்கு இண்டி 500 கேமோடு கொடுத்த டிரைவிங் கன்ட்ரோலர் ஒரு சின்னக் குமிழ், முட்டுகிற இடமே இல்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும், எந்தப் பக்கம் எத்தனை படி நகர்ந்தது என்று மட்டும் சொல்லும், நடுவெது என்று அதற்கே தெரியாது. நின்டெண்டோ 1978-இல் விட்ட ரேசிங் 112-இல் கன்சோலின் உடம்பிலேயே ஸ்டீயரிங் முளைத்திருந்தது. 1995-இல் சாட்டர்னுக்கு வந்த செகாவின் வீல், அனலாக், அதாவது அளவை உணரும் முறை, தெரியாத கேமில் வெறும் டி-பேடாக வேலை செய்யும். நீங்கள் கொஞ்சமாகத் திருப்பினாலும் கார் முழுசாக ஒடியும். கையில் சுக்கான், கேமுக்குப் போவது பொத்தான்.

பிளேஸ்டேஷன் கதைதான் இதில் சுவாரசியம். 1995-இல் நாம்கோ ஒரு விசித்திரமான கன்ட்ரோலர் விட்டது, நடுவில் இரண்டாகப் பிரிந்து முறுக்கிக்கொள்ளும், அந்த முறுக்கலின் அளவுதான் ஸ்டீயரிங். ஜப்பானியப் பெயர் நெஜிகான், நெஜி என்றால் திருகாணி. தமிழில் அதைத் திருகி என்று சொல்லிவிடலாம், ஜப்பானியர்கள் செய்ததும் கிட்டத்தட்ட அதுதான். இரண்டு அனலாக் குச்சி வைத்த சோனியின் டூயல்ஷாக் கன்ட்ரோலர் வந்தது 1997-இல். அதற்கு முந்தைய பல பந்தய கேம்களுக்கு அனலாக் என்றால் இந்தத் திருகி மட்டுமே தெரியும். எனவே அப்போதைய வீல்களில் பலவும் தன்னைத் திருகி என்று கன்சோலிடம் சொல்லிக்கொண்டன. ஆள்மாறாட்டம்தான், ஆனால் நல்ல காரியத்துக்கு! பழைய கேம் வாங்கும்போது நெஜிகான் ஆதரவு உண்டா என்று அட்டையிலோ ஆப்ஷன்ஸ் பக்கத்திலோ பாருங்கள், இல்லையென்றால் வீல் வைத்திருப்பதில் பெரிதாக அர்த்தமில்லை. எமுலேட்டரில், அதாவது பழைய கன்சோல் போல நடிக்கும் கணினி மென்பொருளில், ஆடினாலும் இதே கதைதான்: கன்ட்ரோலர் வகையை நெஜிகான் என்று மாற்றி, அதன் முறுக்கலுக்கு உங்கள் யுஎஸ்பி வீலின் அச்சை இணைக்க வேண்டும். அப்புறம் வீல் 900 டிகிரி சுற்றுகிற ரகம் என்றால் அதை 270-க்கோ அதற்கும் கீழோ இறக்குங்கள். அந்தக் கால கேம்கள் மணிக்கட்டின் சின்ன முறுக்கலை நம்பி எழுதப்பட்டவை, அத்தனை சுற்றைச் சுற்றி முடிப்பதற்குள் வளைவு போய்விடும்.

கூடவே வருகிற இன்னொரு சொல் ஃபோர்ஸ் ஃபீட்பேக். விசைப் பின்னூட்டம் என்று பெயர்க்கிறார்கள், பிழையில்லை, ஆனால் பின்னூட்டம் என்றதும் யாரோ கருத்து எழுதின மாதிரி இருக்கிறது. கை உணர்வது வீல் திருப்பித் தள்ளுவதை, ஆகவே எதிர்விசை என்பது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. மோட்டார் வைத்து இப்படித் தள்ளுகிற வீல் ஆர்கேடில் 1989-இன் ஹார்ட் டிரைவின் என்ற பந்தய கேமில் இருந்தது. பிளேஸ்டேஷன் 2-க்கு 2001-இல் லாஜிடெக்கின் ஜிடி ஃபோர்ஸ் வந்தது. அதற்கு முந்தைய வீட்டு வீல்களில் பெரும்பாலும் இருப்பது நடுவுக்கு இழுக்கும் ஸ்பிரிங் மட்டும். சிலவற்றில் அதிர்வும் உண்டு. விற்கிறவர் அதையும் ஃபோர்ஸ் ஃபீட்பேக் என்றே எழுதியிருக்கலாம். கரண்ட் இல்லாமல் திருப்பிப் பார்த்து, ஓட்டும்போதும் அதே இறுக்கம்தான் என்றால் அது வெறும் ஸ்பிரிங்.