சட்டத்தில் இல்லாத ‘நிரந்தரம்’

போன மாதம் தருமபுரியில் ஒரு வாக்காளர் சேர்ப்பு முகாமுக்குப் போயிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு பெரியவர் நின்றார். அம்மி கொத்துகிறவர். மிக்சி வந்த பிறகு அந்தத் தொழிலில் என்ன மிச்சம் என்று கேட்காதீர்கள், இன்னும் தெருத்தெருவாகக் குரல் கொடுத்துக்கொண்டு போகிறார், சாக்குப் பையில் உளியும் சுத்தியலும் இருக்கின்றன. ராத்திரிப் படுக்கை பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பூட்டிய பாத்திரக்கடை வாசலில். மேசையில் இருந்த தம்பி அவரிடம் ரெண்டு கேள்வி கேட்டுவிட்டு, “நிரந்தர முகவரி இல்லாதவங்களைச் சேர்க்க முடியாது தாத்தா” என்று வெறும் படிவத்தைத் தன் பக்கமே இழுத்து வைத்துக்கொண்டான். அவனைக் குறை சொல்ல மாட்டேன், அவன் கையில் இருந்த துண்டறிக்கையில் அப்படித்தான் அச்சடித்திருந்தது. எனக்குக் கோபம் அந்த ‘நிரந்தர’த்தின் மேல். இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு வாக்காளராகச் சேர ரெண்டே ரெண்டு நிபந்தனை சொல்கிறது. வயது 18 ஆகியிருக்க வேண்டும், அந்தத் தொகுதியில், ஆங்கில மூலத்தின் வார்த்தையில், ‘ஆர்டினரிலி ரெசிடெண்ட்’ ஆக இருக்க வேண்டும். ‘பர்மனெண்ட்’ என்ற சொல்லே அங்கே கிடையாது. நம்மூரில் மொழிபெயர்த்தவர் யாரோ ஆர்டினரிலியைத் தூக்கிப் போட்டுவிட்டு நிரந்தரத்தைக் கொண்டுவந்து உட்காரவைத்துவிட்டார். எழுந்திருக்க மாட்டேன் என்கிறது.

வேரைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஆர்டினரி லத்தீனிலிருந்து வந்தது, வரிசை, ஒழுங்கு, முறை என்பது அடிப்பொருள். ரெசிடெண்டும் லத்தீன்தான், உட்காருவது என்பதிலிருந்து பிறந்தது. தமிழில் ‘இரு’வும் அதே வேலையைத்தான் செய்கிறது. “வாங்க, இருங்க” என்றால் உட்காரச் சொல்கிறோம், “இப்ப எங்க இருக்கீங்க?” என்றால் எந்த ஊரில் குடியிருக்கிறாய் என்று கேட்கிறோம். அவ்வளவுதான் வேர்.

இப்போது நிரந்தரத்துக்கு வருவோம். வடசொல். நிர் என்றால் இல்லாமல், அந்தரம் என்றால் இடைவெளி. இடைவெளியே இல்லாமல் தொடர்வது நிரந்தரம். அதே சட்டத்தின் 20-ஆம் பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? ஒருவர் தன் இருப்பிடத்தை விட்டுத் தற்காலிகமாக வெளியே போயிருந்தால் அதனாலேயே அவர் அங்கே குடியிருப்பவர் இல்லை என்று ஆகிவிடாது என்கிறது. அதாவது இடைவெளி விழலாம் என்று சட்டமே ஒத்துக்கொள்கிறது. இடைவெளியை அனுமதிக்கிற ஒன்றுக்கு ‘இடைவெளி இல்லாதது’ என்று பெயர் வைத்தால் அதை மொழிபெயர்ப்பு என்று எப்படிச் சொல்வது? அதே பிரிவு இன்னொன்றும் சொல்கிறது, ஓரிடத்தில் வீடு சொந்தமாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரை அங்கே குடியிருப்பவர் என்று எடுத்துக்கொள்ள முடியாதாம். பட்டா வைத்திருப்பவருக்கே அது மட்டும் போதாது எனும்போது, பட்டா இல்லை என்பதற்காகப் பெரியவரைத் திருப்பி அனுப்புவது எந்த ஊர் நியாயம்?

அடுத்த திருகுவலி ‘சாதாரணமாக வசிப்பவர்’. இதை எழுதுகிறவர்கள் அகராதியைத் திறந்து முதலில் கண்ணில் பட்டதை எடுத்துக்கொண்டவர்கள். சாதாரணமாக வசிப்பவர் என்று ஒருவர் இருந்தால் அசாதாரணமாக வசிப்பவர் யார், புளியமரத்தில் தலைகீழாகத் தொங்குகிறவரா? சாதாரணம் என்பது வடமொழியில் பலருக்கும் பொதுவானது என்ற பொருளில் கிளம்பி, தமிழில் விசேஷம் ஒன்றும் இல்லாதது என்று ஆகிவிட்டது. “சாதாரண ஆளு சார்” என்கிறோம். இந்தத் தொடரைப் படிக்கிற சாதாரண ஆளுக்கு இது தன் தரத்தைப் பற்றிப் பேசுகிறதோ என்றுதான் தோன்றும்.

தூய தமிழில் நாட்டமுள்ள ஒரு நண்பர் ‘இயல்பான வதிவாளர்’ என்று ஒன்றைச் சொன்னார். வதி நல்ல சொல்தான், ஈழத்தமிழர் ‘வதிவிடம்’ என்று சரளமாக எழுதுகிறார்கள். ஆனால் அரூர்ச் சந்தையில் போய் “உங்க வதிவிடம் எது?” என்று கேட்டுப் பாருங்கள், வாதிக்க வந்தவன் என்று நினைத்துக்கொள்வார்கள். அதைவிட என்னை உறுத்துவது இயல்பு. இயல்பு என்பது கூடவே பிறந்தது. கடை வாசலில் படுப்பது யாருக்கும் இயல்பு இல்லை, வேறு வழி இல்லாமல் வந்த பழக்கம். இதைச் சொன்னதும் நண்பருக்குக் கொஞ்சம் வருத்தம். வடசொல் விஷயத்தில் நானும் அவர் கட்சிதான், ஆனால் தூய்மைக்காகப் பொருளை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

என் கணக்கில் சரியான தொடர் ‘வழக்கமாகக் குடியிருப்பவர்’. வழக்கம் நம் சொல், வழங்கு என்பதிலிருந்து வந்தது. சங்கப் பாட்டில் யானை வழங்கும் காடு என்றால் யானை நடமாடும் காடு. தேன்கனிக்கோட்டைப் பக்கம் இருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், யானை தினமும் வராது, ஆனால் அது வழங்கும் தடம் எது என்று ஊருக்கே தெரியும். போவது, திரும்புவது, மறுபடி போவது எல்லாம் அந்தச் சொல்லுக்குள்ளேயே அடக்கம்.

குடியிருப்பவர் என்றால் வீடு இருக்க வேண்டாமா என்று நண்பர் மடக்கினார். புளியமரத்தில் பேய் குடியிருக்கிறது என்கிறோமே, அதனிடம் யார் வீட்டு வரி ரசீது கேட்டார்கள்? ‘தங்குபவர்’ என்று போடலாமே என்றால், அது லாட்ஜுக்குப் பொருந்தும், ரெண்டு நாளில் காலி செய்துவிடுவான் என்ற வாசனை அதில் இருக்கிறது.

சொல் எதுவாக இருந்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு நடைமுறையைச் சொல்கிறேன். வீடில்லாதவர், புதிதாகப் பெயர் சேர்ப்பதற்கான படிவம் 6-இல், தான் ராத்திரி படுக்கும் இடத்தை முகவரியாகக் கொடுக்கலாம். வாக்குச்சாவடி நிலை அலுவலர் ராத்திரியில் அங்கே வந்து ஆள் உண்மையிலேயே அங்கேதான் தூங்குகிறாரா என்று பார்க்க வேண்டும், ஒரு ராத்திரியோடு நிறுத்தாமல் அதற்கு மேலும் வர வேண்டும். அங்கேதான் தூங்குகிறார் என்று உறுதியானால் இருப்பிடத்துக்கு வேறு காகிதச் சான்று தேவையில்லை. தேர்தல் ஆணையம் சொல்லும் முறை இதுதான். ராத்திரியில் வந்து பார்ப்பது வழக்கத்தைத் தெரிந்துகொள்ளத்தான். நிரந்தரம்தான் நிபந்தனை என்றால் பகலில் வந்து பத்திரத்தைப் பார்த்துவிட்டுப் போய்விடலாமே.

உத்திரமேரூர்க் கல்வெட்டில், பத்தாம் நூற்றாண்டில், குடவோலையில் பெயர் போட வரி கட்டும் நிலமும் சொந்த மனையில் கட்டிய வீடும் வேண்டும், வயது 35-க்கு மேல் 70-க்குள் இருக்க வேண்டும் என்று விதி இருந்தது. அது அந்தக் காலத்துச் சபை விதி, அதுவும் போட்டியிடுகிறவர்களுக்கு. நம் துண்டறிக்கைக்காரர்கள் ஆயிரம் வருஷம் கழித்து அதை ஓட்டுப் போடுகிறவர் தலையில் கட்டப் பார்க்கிறார்கள், அதுவும் தெரியாமலேயே.

பெரியவர் கதை என்ன ஆனது என்றால், மேசைத் தம்பியிடம் கொஞ்சம் பேசி, படிவத்தைத் திரும்ப வாங்கி நிரப்பிக் கொடுத்தோம். அலுவலர் முதல் நாள் ராத்திரி வந்தார், ஆள் இருந்தார். அடுத்த முறை வந்தபோது ஆளைக் காணோம். பக்கத்தில் இட்லிக்கடை போட்டிருக்கும் அக்காவிடம் விசாரித்திருக்கிறார். “வழக்கமா இங்கதான் சார் படுப்பாரு, பென்னாகரம் பக்கம் அம்மி கொத்தப் போயிருப்பாரு, வந்துடுவாரு” என்று அவர் சொன்னாராம். 19, 20 ரெண்டு பிரிவையும் ஒரே மூச்சில் மொழிபெயர்த்துவிட்டார், இட்லி வேகும் நேரத்துக்குள். மூன்றாம் முறை வந்தபோது பெரியவர் சாக்குப் பையைத் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

படிவத்தில் முகவரிக் கட்டத்தை நிரப்பும்போது நான் கடை வாசல், பேருந்து நிலையம் அருகில் என்று எழுதிவிட்டுப் படித்துக் காட்டினேன். பெரியவருக்குத் திருப்தி இல்லை.

“வெறும் வாசல்னு போட்டா எப்பிடி சாமி? படிக்கட்டுக்குக் கிழக்காலன்னு போடு. மேற்கால நாய் படுக்கும்.”

போட்டேன்.