கடை வளாகத்தில் சரக்கு ஆட்டோக்களுக்குச் சார்ஜிங்: விதிகள் சொல்வது என்ன?

சூப்பர்மார்க்கெட்டின் பின்புறம் பகலில் பாதி காலியாகக் கிடக்கும் பார்க்கிங். அதே தெருவில், காலை டெலிவரி முடித்து நிழல் தேடி நிற்கும் மின்சாரச் சரக்கு ஆட்டோக்கள். அங்கே நாலு சார்ஜர் வைக்கலாமே என்றால், கடைக்காரர்கள் முதலில் கேட்பது ஒன்றுதான்: “மின்சாரத்தை மறுவிற்பனை செய்தால் வழக்கு வராதா?”

வராது. வண்டிக்குச் சார்ஜ் ஏற்றுவது மின்விற்பனை அல்ல, ஒரு சேவை என்று மத்திய மின்துறை அமைச்சகம் 2018 ஏப்ரலிலேயே தெளிவுபடுத்திவிட்டது. ஆகவே மின்சாரச் சட்டம் 2003-இன் கீழ் லைசென்ஸ் தேவையில்லை. சேவை என்பதால் 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு.

உண்மையில் யோசிக்க வேண்டியது, உங்கள் நிலையம் எந்த வகையில் சேரும் என்பதைத்தான். ஒரு நிறுவனம் தன் சொந்த அல்லது குத்தகை வண்டிகளுக்கு மட்டும் வைத்துக்கொள்வது ‘சொந்தப் பயன்பாட்டு நிலையம்’. யார் வண்டியும் வந்து ஏற்றிக்கொள்ளும் பொது நிலையத்துக்கு உள்ள பல நிபந்தனைகள் அதற்குக் கிடையாது. ஆனால் உங்கள் கடை வண்டிகளோடு, வேறு இரண்டு டெலிவரி நிறுவனங்களின் ஆட்டோக்களும் காசு கொடுத்து ஏற்றத் தொடங்கிவிட்டால் அந்தச் சலுகை பொருந்தாது; பொது நிலையத்துக்கான விதிகளுக்குள் வந்துவிடுவீர்கள். பலர் சறுக்குவது இங்கேதான். பயப்பட ஒன்றுமில்லை. பொது நிலையங்களில் ஆன்லைன் முன்பதிவுக்கு வழி இருக்க வேண்டும் என்றும் விதிகள் எதிர்பார்க்கின்றன. டெலிவரி நிறுவனங்கள் தங்கள் நேரத்தை அதிலேயே பிடித்துவைத்துக்கொள்ளலாம்.

கடையின் வணிக மீட்டரிலிருந்தே ஒயர் இழுப்பது சுலபம்தான், ஆனால் செலவு பிடிக்கும். வணிக இணைப்பில், பயன்படுத்தும் யூனிட் எவ்வளவானாலும் கட்ட வேண்டிய நிலைக்கட்டணம் தனியாக ஏறும். சார்ஜிங்குக்கென்று தனி இணைப்பு கேட்க 2024 பிப்ரவரியில் திருத்தப்பட்ட மின்நுகர்வோர் உரிமை விதிகள் இடம் தருகின்றன. விண்ணப்பம் முழுமையாக இருந்தால் பெருநகரில் 3 நாள், நகராட்சிப் பகுதியில் 7 நாள், கிராமத்தில் 15 நாளுக்குள் புதிய இணைப்பு தர வேண்டும் என்பது அதே விதி. காகிதத்தில் உள்ள கெடுதான். ஆனாலும் விண்ணப்ப ரசீதை பத்திரமாக வைத்திருங்கள், கேட்கும்போது உதவும்.

கட்டணத்தில்தான் நிஜமான லாபம் ஒளிந்திருக்கிறது. 2024 செப்டம்பரில் வெளியான மத்திய வழிகாட்டுதலின்படி, சார்ஜிங் இணைப்புக்கு நிலைக்கட்டணம் சேர்க்காத ஒற்றைக் கட்டணமே இருக்க வேண்டும். காலை 9 முதல் மாலை 4 வரை, அதாவது சூரிய ஒளி மின்சாரம் தாராளமாகக் கிடைக்கும் நேரத்தில், சராசரி விநியோகச் செலவில் (ஒரு யூனிட்டை வழங்க மின்வாரியத்துக்கு ஆகும் சராசரிச் செலவு) 0.7 மடங்கு, மற்ற நேரத்தில் 1.3 மடங்கு. கணக்குக்காக அந்தச் சராசரியை 8 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பகலில் யூனிட் 5.60, இரவில் 10.40. ஒரு ஆட்டோவுக்கு 10 யூனிட் ஏற்றினால் வித்தியாசம் 48 ரூபாய். பத்து ஆட்டோவுக்கு நாளொன்றுக்கு 480. வண்டிகள் ஓய்வெடுக்கும் மதிய வேளையும் மலிவு நேரமும் ஒன்றாக அமைந்திருப்பது நம் அதிர்ஷ்டம். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: இறுதிக் கட்டணத்தை நிர்ணயிப்பது மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம்தான். உங்கள் மாநிலத்தின் ஆணையைப் பார்த்த பிறகே கணக்குப் போடுங்கள்.

மானியமும் இருக்கிறது. மின்வாகனங்களை ஊக்குவிக்க மத்திய அரசு நடத்தும், மொத்தம் 10,900 கோடி ரூபாய் கொண்ட பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் பொது சார்ஜிங் நிலையங்களுக்கு 2,000 கோடி ஒதுக்கியிருக்கிறார்கள். வணிக வளாகம், மால் போன்ற இடங்களில் டிரான்ஸ்ஃபார்மர், கேபிள் முதலிய மின்கட்டமைப்புச் செலவில் 80 சதவீதம் வரை கிடைக்கும். சார்ஜர் இயந்திரத்தின் விலை உங்கள் கையைத்தான் கடிக்கும். தனிக் கடைக்காரர் நேராக மனு போட முடியாது. மாநில அரசோ பொதுத்துறை நிறுவனமோ நியமிக்கும் அமைப்பு வழியாகத்தான் போக வேண்டும். சொந்தப் பயன்பாட்டு நிலையத்துக்கு இந்த மானியம் கிடையாது.

வேகமான டி.சி. சார்ஜரில் பணத்தைப் போடும் முன், வரப்போகும் வண்டிகள் எவை என்று கேட்டுக்கொள்ளுங்கள். சரக்கு ஆட்டோக்களில் பல சாதாரண 15 ஆம்பியர் பிளக்கிலேயே ஏற்றிக்கொள்பவை. அவற்றுக்கு டி.சி. சார்ஜர் வாங்குவது தண்டச் செலவு.

வாடகைக் கட்டடமாக இருந்தால் உரிமையாளரின் சம்மதக் கடிதத்தை எல்லாவற்றுக்கும் முன்னால் வாங்கிவிடுங்கள். அது இல்லாமல் தனி இணைப்பு கேட்டுப் போனால் முதல் மேசையிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.