மஞ்சின் மேல் பழி, இலையின் மேல் பிழை

கொடைக்கானல் மேல்மலைக் கிராமங்களுக்குக் கம்பியில்லா இணைய இணைப்பு அமைத்துத் தரும் வேலையில் நான் அதிகம் கேட்ட புகார், "மஞ்சு இறங்குனா நெட் போயிருது சார்" என்பதுதான். உண்மையில், நாங்கள் பயன்படுத்தும் 5.8 கிகாஹெர்ட்ஸ் அலையை மூடுபனி ஏறக்குறைய ஒன்றுமே செய்வதில்லை. கனமழைகூடச் சில கிலோமீட்டர் தூரத்துக்குள் சிறிதளவே குறைக்கிறது. அதே நேரத்தில் நனைந்து கனத்துப்போகும் இலைகள்தான் அலையை விழுங்குகின்றன.

இரு முனைகளிலும் உள்ள டிஷ்கள் ஒன்றுக்கொன்று கண்ணுக்குத் தெரிந்தால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். அலையோ கட்டிய கயிறு போல நேர்க்கோடாகப் போவதில்லை. நூற்புக் கதிரைப் போல நடுவில் பருத்துச் செல்கிறது. 5 கிலோமீட்டர் இணைப்பில் அந்த நடுப்பகுதியின் ஆரம் சுமார் 8 மீட்டர். அதில் 60 விழுக்காடாவது, அதாவது பார்வைக் கோட்டைச் சுற்றி ஏறத்தாழ 5 மீட்டர், தடையின்றி இருக்க வேண்டும். பூம்பாறைப் பக்கம் ஓர் இணைப்பைப் பிப்ரவரி வெயிலில் சோதித்து, சிக்னல் மைனஸ் 58 டிபிஎம் (சிக்னல் வலிமையின் அளவு; மைனஸ் எண் பெரிதாகப் பெரிதாகச் சிக்னல் பலவீனம்) காட்டியதும் மனநிறைவோடு இறங்கி வந்தேன். ஐப்பசி அடைமழையில் அது மைனஸ் 80க்குச் சரிந்து அறுந்தது. பைனாகுலரில் பார்த்தால், நடுவழியில் ஒரு யூகலிப்டஸ் கொழுந்து. பிப்ரவரியிலேயே அது என் கண்ணில் பட்டிருந்தது. கீழேதானே நிற்கிறது என்று விட்டது என் தவறு. இளம் யூகலிப்டஸ் ஆண்டுக்கு இரண்டு மூன்று மீட்டர் வளரும், வனத்துறை நிலத்து மரத்தில் நாம் கைவைக்கவும் முடியாது என்பதால், கம்பத்தைத்தான் உயர்த்த நேர்ந்தது.

மின்னலுக்கு அஞ்சி, உச்சியில் நிற்கும் கம்பத்துக்கு எர்த் போடுவதிலும் சிக்கனம் பார்க்காதீர்கள். பாறைத் தரையில் ஒரே குழாய் போதாது. கேபிளின் இரு முனைகளிலும் சர்ஜ் அரெஸ்டர், அதாவது திடீர் மின்பாய்ச்சலைத் தடுக்கும் கருவி, வேண்டும்.

சட்டத்தைக் குறித்த அச்சம் பெரும்பாலும் தேவையற்றது. அங்கீகாரம் பெற்ற கருவியாக இருந்தால், இந்த அலைவரிசைக்கு உரிமம் வேண்டாம் என்று 2018இல் மத்திய அரசே அறிவித்துவிட்டது. 2020 டிசம்பரில் ஒப்புதல் பெற்ற பி.எம். வாணி என்ற மத்திய அரசின் பொது வைஃபை திட்டப்படி டீக்கடைக்காரரும் உரிமமோ பதிவுக்கட்டணமோ இல்லாமல் வைஃபை தரலாம். அதற்கான இணையத்தை மட்டும் முறையான சேவை நிறுவனத்திடமிருந்து வாங்க வேண்டும்.

இப்போது நான் அமைக்கும் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கட்டித் தொங்கவிடுகிறேன். ஊர்க்காரர் ஒருவர் மாதம் ஒருமுறை, மழை விட்ட கையோடு, சிக்னல் அளவை அதில் குறித்து வைக்கிறார். மைனஸ் 58 மைனஸ் 62 ஆனதுமே எனக்குப் போன் வந்துவிடுகிறது.